மூன்று சுற்றுக்குப் பெட்ரோல்

அந்த வண்டியை நிறுத்தி வைத்தால் ஒன்பது வயதில் எனக்கு இடுப்பு உயரம்கூட வராது. இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு எஞ்சின், மேலே மணைப்பலகை மாதிரி ஒரு சீட்டு. ஸ்டோர் மாமா அதை மினி பைக் என்றார். குவார்ட்டர்ஸில் மற்ற எல்லோரும் பன்றிக்குட்டி என்றார்கள். அது ஒரு சத்தமும் போடுவதற்கு முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது.

அருவங்காட்டில் அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் லேத் மாமாவின் வீடு. அதன் பின்புறம் தகரம் அடித்த ஒரு ஷெட். உறவு என்று பார்த்தால் யாரும் மாமா இல்லை. லேத்தில் வேலை செய்கிறவர் லேத் மாமா. ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர் ஸ்டோர் மாமா. ஊரார் ரேடியோவைப் பிரித்துப்போட்டு, அதில் பாதியைத் திரும்ப மாட்டிக் கொடுக்கிறவர் ரேடியோ மாமா. வாரத்தில் ஆறு நாள் இரும்போடு இருந்துவிட்டு ஏழாம் நாளும் இரும்பைத் தேடிப் போவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் திட்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு போல்ட்டுகூட வெளியே வர முடியாது, வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்தப் பழக்கத்தில், ஷெட்டை விட்டு வெளியே வரும்போதும் லேத் மாமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்துகொண்டு துரை குடும்பம் கப்பல் ஏறியபோது, உடைந்த கிராமபோன் ஒன்றை ரேடியோ மாமா வாங்கினார். அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்த வண்டி. துரையின் பையன் ஓட்டியதாம். துருப்பிடித்து, உதைத்தால் அசையாமல் கிடந்தது.

அக்காவுக்கு அப்போது பதினாறு. எட்டாவதோடு நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குக் காப்பி கொண்டு போவது அவள் வேலை, டம்ளர் தூக்குவது என் வேலை. அன்று அவள் காப்பியை வைத்துவிட்டுத் திரும்பவில்லை. வண்டிப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

“இது ஓடுமாங்க மாமா?”

“ஓடுனா யாரு அம்மிணி ஓட்டறது? நாங்க மூணு பேரும் ஏறுனா மண்ணுக்குள்ள போயிரும்,” என்றார் ரேடியோ மாமா.

“நான் ஓட்டறேனுங்க.”

மூன்று பேரும் சிரித்தார்கள். லேத் மாமா சிரித்துக்கொண்டே, “செரி, ஓடுனா உனக்குத்தான்” என்றுவிட்டார். அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னது. அக்கா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு காப்பி நேரத்துக்கு முன்னாலேயே அவள் வந்துவிட்டாள்.

ஆடி மழையில் ஆரம்பித்த வேலை. எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஊற்றி ஒரு வாரம் ஊறப் போட்டார்கள். பிறகு பிஸ்டன் அசைந்தது, ரிங்கு உடைந்திருந்தது. ஸ்கூட்டரின் பழைய ரிங்கு ஒன்றை லேத் மாமா ராவினார், ராவினார், மூன்று ஞாயிறு ராவினார்.

“அரை நூல் இடிக்குது,” என்பார்.

“அரை நூலுக்கு என்னய்யா? இது என்ன பீரங்கியா?” என்பார் ஸ்டோர் மாமா.

“பீரங்கின்னாக்கூட விட்டுருவேன். இதுல புள்ள உக்காரப்போகுது.”

பெட்ரோல் சொட்டுகிற ஓட்டையில் அடைத்திருந்த அழுக்கு மூன்று ஆண்களுக்கும் வசப்படவில்லை. வயரிலிருந்து ஒரே ஒரு கம்பியை உருவி அக்கா அதை எடுத்தாள். சீட்டுக்கு ரெக்ஸினும் அவள்தான் தைத்தாள். அவள் விரலில் மசி ஏறியது. எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்கு அவள் கையைப் பார்க்கிற வழக்கமே இல்லை.

கார்த்திகையில் அவளுக்குக் கலியாணம் முடிவாயிற்று. மாப்பிள்ளை பொள்ளாச்சிப் பக்கம், பெரிய கூட்டுக் குடும்பம். தை பிறந்ததும் முகூர்த்தம். அக்கா ஞாயிறன்று ஷெட்டில் போய் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“தைக்குள்ள ஓடிருமாங்க மாமா?”

கேட்டுவிட்டு அவள் டம்ளர்களைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். நான் அங்கேயே நின்றேன்.

“பதினேழுகூட ஆகலையேப்பா,” என்றார் ஸ்டோர் மாமா.

“அவங்கப்பன் வெத்தலை பாக்கு மாத்திட்டான். நம்ம கையில என்ன இருக்குது?” இது லேத் மாமா.

“ஸ்பேனர் இருக்குது,” என்றார் ரேடியோ மாமா.

அதுவரை ஞாயிறு மட்டும் கூடியவர்கள் அன்றிலிருந்து ஷிஃப்டு முடிந்து நேராக ஷெட்டுக்கே வந்தார்கள். அரை நூல் இடித்தபோதும் லேத் மாமா வாயைத் திறக்கவில்லை. மார்கழி நடுவில் எல்லாம் மாட்டியாயிற்று. ரேடியோ மாமா உதைத்தார். வண்டி ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. ஸ்டோர் மாமா உதைத்தார். எதுவும் வரவில்லை. மறுநாளும் அதேதான். பிளக்கில் பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை. ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்லி, கடைசியில் ஸ்டோர் மாமாவும் ரேடியோ மாமாவும் முகம் பார்க்காமல் போனார்கள். முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள்கூட இல்லை.

அக்கா ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். வண்டியின் வால் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தாள். என்னை அனுப்பி அம்மாவின் குரோஷா ஊசியை எடுத்துவரச் சொன்னாள். அதைப் புகைக்குழாய்க்குள் விட்டு மெல்ல இழுத்தாள். கறுத்த பஞ்சு நூலாக வந்தது, வந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஒரு முட்டை அளவு உருண்டையாகக் கையில் விழுந்தது. மெஷினில் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் நூல் அது. எஞ்சினைத் திறந்து வைத்தால் தூசி புகும் என்று ஓட்டை கண்ட இடமெல்லாம் வேஸ்ட் திணித்து வைப்பது லேத் மாமாவின் சுத்தம். முப்பது வருஷப் பழக்கம். திணித்ததை ஒரு இடத்தில் எடுக்க மறந்துவிட்டார்.

லேத் மாமா அந்த உருண்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். “என்னைக் கொண்டுபோய் ஆத்துல தள்ளுங்கடா,” என்றார். அக்கா உதைத்தாள். பன்றிக்குட்டி கத்தியது. அன்று அது கத்தின கத்தலில் குவார்ட்டர்ஸ் முழுக்க ஜன்னல் திறந்தது. கோபித்துக்கொண்டு போன மாமாக்கள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

எங்கள் ஜன்னலும் திறந்தது. அம்மா நேராக ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

“ஏனுங்க, நீங்களும் பொட்டப் புள்ளை பெத்தவங்கதான? கலியாணம் நிச்சயம் பண்ணுன புள்ளை காலைப் போட்டு வண்டில போனா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

மாமாக்கள் மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். அக்கா வண்டியை அணைத்தாள். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. விரலில் இருந்த மசியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அம்மா அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை இவங்கப்பா பத்திரிகை வெக்க மலைக்குக் கீழ போறாங்க. மைதானத்துல மூணே சுத்து. நாலாவது சுத்து கண்டன்னா நானே வண்டியைத் தூக்கிப் பள்ளத்துல போட்டுருவேன். எண்ணெயை என் கண்ணு முன்னாடி அளந்து ஊத்தோணும்.”

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா மருந்து கொடுக்கிற அவுன்ஸ் கிளாஸோடு வந்தாள். லேத் மாமா அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றி, “மூணு சுத்துங்க. மூணே கால் ஓடாது,” என்றார். அம்மாவுக்குத் திருப்தி.

ஞாயிறு காலை வண்டிக்குக் காவல் நான். பனி இன்னும் விலகவில்லை. முதலில் ரேடியோ மாமா வந்தார். ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு மைப் புட்டி நிறையப் பெட்ரோல் எடுத்தார், டாங்கில் கவிழ்த்தார். “பாப்பா, யாருகிட்டயும் சொல்லக் கூடாது. ஸ்டோர்காரனுக்குக்கூடத் தெரியக் கூடாது,” என்று ஒரு கமர்கட்டு தந்தார். அது கரைவதற்குள் ஸ்டோர் மாமா வந்தார். அவர் பெட்ரோல் கொண்டுவந்தது தைலப் புட்டியில். அவரும் கமர்கட்டு தந்தார், அவரும் யாரிடமும் சொல்லாதே என்றார். கடைசியாகக் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு லேத் மாமா. நேற்றுச் சொட்டுச் சொட்டாக அளந்தவர் இன்று ஒரு சோடா பாட்டிலையே கவிழ்த்தார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எனக்கு மூன்றாவது கமர்கட்டு கிடைக்கவில்லை.

அக்கா அப்பாவின் பழைய காக்கிப் பேன்ட்டைப் பாவாடைக்கு உள்ளே போட்டுக்கொண்டு வந்தாள். தாவணி சக்கரத்தில் சிக்கும் என்று அம்மாவே அதை இடுப்பில் நாலு சுற்றுச் சுற்றி, மூச்சு முட்ட இறுக்கி முடிந்தாள். “ஓரமாப் போ. மெதுவாப் போ,” என்றாள். அக்கா உதைத்தாள், ஏறினாள், போனாள்.

முதல் சுற்றில் மாமாக்கள் கை தட்டினார்கள். இரண்டாவதில் ரேடியோ மாமா விசிலடித்தார். மூன்றாவது சுற்றில் நான் மைதானத்து ஓரத்தில் தயாராக நின்றேன். அம்மா சொன்ன மூன்று முடியப் போகிறது, எண்ணெய் மிச்சம் இருப்பது எனக்குத் தெரியும், அது நான் ஏறிக்கொள்ளத்தானே? கையைக் காட்டினேன். அக்கா நிறுத்தவில்லை. நாலாவதிலும் கை காட்டினேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. தையல் எண்ணும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி நேராகப் பார்த்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். ஆறு, ஏழு. பனிக்குள் போவாள், சத்தம் மட்டும் கேட்கும், அந்தப் பக்கம் வெளியே வருவாள். பத்து. பன்னிரண்டு.

பதினாலாவது சுற்றில் எனக்குப் பொறுக்கவில்லை. மதிலோரம் நின்ற அம்மாவிடம் ஓடினேன்.

“அம்மா, மூணு சுத்து எப்பவோ முடிஞ்சு போச்சு! மாமாங்க மூணு பேரும் தெரியாம எண்ணெய் ஊத்திட்டாங்கம்மா!”

மாமாக்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லேத் மாமா என்ன நினைத்தாரோ, மெல்ல இரண்டு கையையும் தூக்கினார். அம்மா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எங்க எண்ணத் தெரியுது? இது ரெண்டாவது சுத்துதான்,” என்றாள்.

கணக்கில் டீச்சரிடம் பேர் வாங்கியவள் நான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி மறுபடியும் எங்களைத் தாண்டிப் போயிற்று, பதினைந்து. அம்மாவுக்குத்தான் எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, வீட்டு வாசலில் பந்தக்கால் நடுகிற நாள் வரை நான் அவளோடு பேசவில்லை.