பாய்லர்காரனுக்கு அம்மா கொடுத்த அனுமதி

என் தம்பி சாமியாரானதற்குக் காரணம் காதல் தோல்வி இல்லை. ஒரு பழைய பாய்லர். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏதோ ஒரு பெண் ஏமாற்றிவிட்டாள் என்று பேசிக்கொள்வதில்தான் எங்கள் சொந்தக்காரர்களுக்குத் திருப்தி. பேசட்டும். நான் கூடவே இருந்து பார்த்தவள், நடந்ததைச் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் அடுக்குமாடி வீடுகளுக்குச் சூடு அனுப்பும் பாய்லர்களைப் பழுது பார்ப்பதுதான் அவன் வேலை. பாதி நாள் நிலவறையில் இருப்பான். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கரி போகாது. ஒருநாள் எங்கள் வெள்ளைக்கார ஊரின் கோடியில், பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில் இருந்த இந்து மடத்திலிருந்து அழைப்பு வந்தது. போனால், பாய்லர் படுத்து ஒரு வாரமாகியிருக்கிறது. காவி கட்டியவர்கள் ஏழெட்டுப் பேர் ஜில்லிட்ட கூடத்தில் மூச்சு ஆவியாக வரக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்குக் குளிராதா என்று தலைமைச் சாமியாரிடம் கேட்டானாம். நன்றாகவே குளிருகிறது, அதற்காக உட்காருவதை நிறுத்த முடியுமா என்றாராம் அவர். பாய்லரைச் சரி செய்துவிட்டு வந்தான். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். சரியாகிவிட்ட பாய்லரை எவனாவது தினம் தினம் போய்ப் பார்ப்பானா? அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. இறைச்சியை விட்டான், பீரை விட்டான், உயிராக வைத்திருந்த மோட்டார் பைக்கை விற்றான். பட்டறையில் 'சாமி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவன் அசரவில்லை. இப்போதே கூப்பிட்டுப் பழகிக்கொள்ளுங்கள், பின்னால் சௌகரியமாக இருக்கும் என்றான். கொழுப்புக்குக் குறைச்சலே இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டான். பெற்ற தாய் நேரில் வந்து வாய்விட்டுச் சம்மதம் சொல்லாமல் அந்த மடத்தில் யாருக்கும் துறவு கிடையாது. எங்கள் அம்மாவிடம் சம்மதம் வாங்குவது என்பது நடக்கிற காரியமா?

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டல் சலவைக்கூடத்தில், ஆளை விழுங்குகிற அளவு பெரிய உருளை இஸ்திரியில் படுக்கை விரிப்புகளைத் தள்ளித் தள்ளியே எங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவள். தம்பி வயிற்றில் இருக்கும்போதே அப்பா கம்பி நீட்டிவிட்டார். நான் அப்போது கைக்குழந்தை. அந்த ஆளின் பெயரை அம்மா எங்களிடம் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டோம். அப்படி வளர்த்த மகன் மொட்டை அடித்துக்கொண்டு வந்து அனுமதி கேட்டால்? கையிலிருந்த கரண்டியை வீசினாள். நல்லவேளை, குறி தப்பியது.

அம்மா இறந்துவிட்டாள் என்று மடத்தில் சொல்லிவிடேன், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று பட்டறையில் ஒருவன் யோசனை சொன்னானாம். பொய் சொல்லி உள்ளே போவதற்கு வெளியிலேயே இருந்துவிடலாம் என்றுவிட்டான் தம்பி. மடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு, பகலில் பாய்லர், காலையும் மாலையும் தியானம் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தான். வாரம் தவறாமல் வந்து அம்மாவைக் கேட்டான். அவளும் முடியாது என்றாள். இரண்டும் ஒரே பிடிவாதம், ஒரே ரத்தம். நடுவில் நான்தான் கிடந்து லோல்பட்டேன்.

கடைசியில் ஒரு விஷயத்தை நான் அம்மாவிடம் போட்டு உடைத்தேன். துறவு வாங்குகிறவன் முதலில் தனக்குத் தானே இறுதிக் காரியம் செய்துகொள்ள வேண்டும். முன்னோர்களுக்குச் சோற்று உருண்டை வைத்துவிட்டு, கடைசி உருண்டையைத் தனக்கு வைக்க வேண்டும். அதோடு பழைய ஆள் செத்ததாகக் கணக்கு.

அம்மா உடனே கோட்டை மாட்டிக்கொண்டாள். "கிளம்பு. உயிரோட இருக்கிற பிள்ளைக்குக் காரியம் பண்றவங்களை நான் பார்க்கணும். முடியாதுன்னு அங்கேயே போய்ச் சொல்றேன், இனிமே அவன் என்னைக் கேட்கவே கூடாது."

அன்று மடத்தில் துறவுச் சடங்கு நாள். எங்களைப் பார்த்ததும் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. அம்மா சம்மதிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான், பாவம். சடங்கு செய்துவைக்கும் பெரியவர், இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர், பாத்திரங்களோடு உட்கார்ந்தார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, மூன்று பேர் பெயரையும் சொல் என்றார். தெரியாது என்றான் தம்பி. அப்பா பெயர்கூடவா? அதுவும் தெரியாது.

பெரியவர் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டுத் தலைமைச் சாமியாரைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன். அப்பன் பேரே தெரியாதவனுக்குச் சடங்கு எங்கேயிருந்து பண்றது? வெள்ளைக்காரங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

தம்பி தலை குனியவில்லை, ஆனால் முகம் செத்துவிட்டது. அம்மா எழுந்து நடுக்கூடத்துக்குப் போனாள்.

"அந்த ஆள் பேரு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். இவனுக்கு ஒரு வேளைச் சோறு போடாதவனுக்கு இவன் எதுக்குச் சோறு வைக்கணும்? என் பேரைப் போடுங்க. எங்க அம்மா பேரைப் போடுங்க."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு உருண்டை வைக்க முடியாதும்மா," என்றார் பெரியவர்.

"அப்போ செத்துட்டு வரவா?"

யாரோ ஒரு இளம் சாமியார் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தலைமைச் சாமியார் சிரிக்கவில்லை. பெயர் தெரியாத முன்னோர்களுக்கும் சடங்கில் வழி இருக்கிறது என்று பெரியவருக்கு நினைவூட்டிவிட்டு, அம்மா பக்கம் திரும்பினார். "பேர் இல்லைன்னா பரவாயில்லைம்மா. உங்க சம்மதம் இல்லைன்னாத்தான் வழியே கிடையாது. இவன் இங்கே வரலாமா?"

இதற்குத்தானே வந்தாள். முடியாது என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் எதிர்பார்த்ததும் அந்த வார்த்தையைத்தான்.

"வரலாம்," என்றாள் அம்மா. "என் மகனுக்கு இல்லாத தகுதி இங்கே யாருக்கு இருக்கு?"

என்ன சொன்னோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என் கையைப் பிடித்தாள். சடங்கு முழுக்க விடவில்லை. தம்பி ஒவ்வொரு உருண்டையாக வைத்தான். தன்னுடையதை வைத்தபோது அம்மா சத்தம் வராமல் அழுதாள், நானும் அழுதேன். காவி கொடுத்தார்கள், புதுப் பெயர் கொடுத்தார்கள். பழைய உறவெல்லாம் முடிந்துவிட்டது, இனி யாரையும் அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர் எங்களுக்குக் கேட்கும்படி அழுத்திச் சொன்னார்.

சாமியார்கள் வரிசையாக உள்கட்டுக்கு நடந்தார்கள். தம்பியும் நடந்தான்.

"டேய்," என்றாள் அம்மா.

அவன் திரும்பவில்லை. ஆனால் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த சாமியார் அவன் முதுகில் இடித்துக்கொண்டார். மொத்த வரிசையும் நின்றது. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், தலைமைச் சாமியார் கையைக் காட்டி நிறுத்தினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்தவனிடம் யாரும் சொல்லாததை, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"போயிட்டு வா."