மஞ்சுளாவின் ரிப்போர்ட் யார் கைக்குப் போனது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஆள் எதிரில் வாய் திறக்க எப்போதும் கூச்சம் என்பதால்தான் எழுதிக் கொடுக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஓசூரில் நான் ஆயாவாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், நரம்பு டெஸ்ட் ரூமுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

1. எண்ணெய்த் தலை

அந்த ரூமில் காது வழியாக எடுக்கும் டெஸ்டைப் பெரா என்பார்கள். பேஷண்டைப் படுக்க வைத்து, உச்சந்தலையிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, ஹெட்போனில் டிக் டிக் என்று சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் காதிலிருந்து மூளைத்தண்டு வழியாக மேலே போகப் போக, கம்ப்யூட்டரில் மேடு மேடாகக் கோடு எழும்பும். மேட்டுக்கு வேவ் என்று பெயர். பேஷண்ட் ஒரு பதிலும் சொல்ல வேண்டாம். தூங்கிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. இருந்தால் எலக்ட்ரோடு பிடிக்காது, கோடு கிறுக்கலாகிவிடும். எண்ணெயை எடுப்பது என் வேலை.

மஞ்சுளாவைக் கம்பெனி வண்டியில் கூட்டி வந்தார்கள். காருக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது, நிற்கும்போது தள்ளுகிறது, முகம் ஒரு பக்கம் மரத்துப்போகிறது என்றாள். கூட அவள் அம்மா, பேரிகை கிராமத்திலிருந்து வந்தவர். இன்னொருவர் கம்பெனி ஹெச்.ஆர். ஆள்.

நான் தலையைத் தொட்டேன். கை வழுக்கியது.

"சூடு ஏறிப்போச்சின்னு வெளக்கெண்ண வெச்சன்மா. நல்லா ஊறட்டும்னு விட்டுட்டன்" என்றார் அம்மா.

டெக்னீசியன் ரேஷ்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வெளக்கெண்ணயா? ஆயாம்மா, இன்னிக்கி உங்க பாடு அவ்ளோதான்."

ஹெச்.ஆர். ஆள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ரெண்டா தெரியுதாம். அப்ப ரெண்டு மடங்கு வேல செய்யலாமே. சும்மா தொடச்சிட்டு ஒட்டுங்கம்மா. நார்மல்னு வரப்போவுது. நடிப்புக்கு எதுக்கு இத்தன ஏற்பாடு."

மஞ்சுளா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் பாத்ரூமுக்கு வந்தாள். ஷாம்பு போட்டேன், போகவில்லை. கேன்டீனில் கடலை மாவு வாங்கி வந்து தேய்த்தேன். அவள் குனிந்தால் தலை சுற்றுகிறது என்றதால், ஸ்டூலில் உட்கார வைத்து நிமிர்த்தியே கழுவினேன். "ஆயாம்மா, நான் நடிக்கலீங்க" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. எனக்கு வந்த கோபத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்திருப்பேன் போல. "மெதுவாங்க" என்றாள்.

2. கோடு

ரேஷ்மா அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டு டெஸ்ட் எடுத்தாள். இடது காது சரியாக வந்தது. வலது காதில் முதல் மேடுகள் நேரத்துக்கு வந்தன, ஐந்தாவது தாமதமாகவும் சப்பையாகவும் வந்தது. இன்னொரு முறை எடுத்தாள். அப்படியேதான்.

நியூரோ டாக்டர் வந்து பார்த்தார். எம்.ஆர்.ஐ.யில் சின்னதாக ஒரு புள்ளி, சந்தேகம் என்று வைத்திருந்தாராம். இந்தக் கோட்டைப் பார்த்ததும் மஞ்சுளா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காது நல்லா இருக்கும்மா. சத்தம் மூளைத்தண்டுல போற வழியில லேட் ஆவுது. நரம்பு மேல இருக்கிற உறை ஒரு இடத்துல கெட்டிருக்கு."

"இன்சுலேசன் போன வயரா சார்?" என்றாள் மஞ்சுளா.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"எங்க லைன்ல அந்த மாதிரி வயர ரிஜெக்ட்ல போட்ருவாங்க."

"நீ வயர் இல்லம்மா" என்றார் டாக்டர். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் ஆரம்பம் போலத் தெரிகிறது, இன்னும் சில டெஸ்ட் பார்த்து உறுதி செய்ய வேண்டும், சீக்கிரம் ஊசி ஆரம்பித்தால் பல வருஷம் வேலை செய்யலாம் என்றார். நடிப்பு இல்லை என்று ஒருவர் வாயால் கேட்டதே போதும் என்பதுபோல அந்த அம்மா கை கூப்பினார்.

3. கவுண்டர்

கம்பெனி வண்டியில் வந்தால் ரிப்போர்ட்டைக் கம்பெனி ஆளிடம் கொடுப்பது எங்கள் கவுண்டரில் பழக்கம். யாரும் யோசித்ததில்லை. அன்றும் கவரை நீட்டிவிட்டார்கள். ஹெச்.ஆர். ஆள் பிரித்துப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். போன் பேசினார். பிறகு அம்மாவிடம் வந்தார்.

"உங்க பொண்ணுக்கு நரம்பு வியாதி. மெஷின்கிட்ட விட முடியாது. அவங்களே நின்னுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டா மரியாதயா போயிடும்."

"ஏங்க, காத்தால நடிக்கறான்னீங்க?"

"அது அப்போ. இப்ப ரிப்போர்ட்டே சொல்லுதே, லாயக்கில்லன்னு."

"எங்க போட்டிருக்கு? காட்டுங்க சார்" என்றாள் மஞ்சுளா. அவர் கவரைப் பேண்ட் பாக்கெட்டில் மடித்து வைக்கப் போனார்.

நான் யார் எதிரிலும் குரல் உயர்த்தியதில்லை. அன்று கவரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். "இது அந்தப் பொண்ணு மண்டையில எடுத்ததுங்க. உங்க மண்டையில இல்ல. குடுங்க" என்றேன். பிடியை விடவில்லை. கவர் ஓரம் கிழிந்தது, கொடுத்துவிட்டார்.

வாங்கி என்ன பயன்? போட்டோ போய்ச் சேர்ந்துவிட்டது. மஞ்சுளா எதிலும் கையெழுத்துப் போடவில்லை. டாக்டர், வேலை செய்யலாம் என்று எழுதியும் கொடுத்தார். ஆனாலும் கான்ட்ராக்ட் முடிந்தது என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். ஊசி தொடங்க வேண்டிய நேரத்தில் கம்பெனி கட்டிய இன்சூரன்ஸும் நின்றது. அம்மாவும் பெண்ணும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக அலைந்து ஊசி கிடைப்பதற்குள் நோய் இன்னொரு முறை வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. கண்டுபிடித்தது சீக்கிரம்தான். சீக்கிரம் கண்டுபிடித்ததை வைத்தே அவளைத் துரத்தினார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வண்டி யாருடையதாக இருந்தாலும் ரிப்போர்ட் பேஷண்ட் கைக்கு மட்டும்தான் போக வேண்டும். கவுண்டரில் பழக்கம் என்பார்கள். நீங்கள் கூடவே போய் நில்லுங்கள்.

தாமதமானது ஐந்தாவது வேவ்தானா, வலது காதுதானா, நோயின் பெயரை ஒழுங்காக எழுதினேனா என்று ரேஷ்மா பாப்பாவோ வேறு தெரிந்தவர்களோ ஒருமுறை பார்த்துத் திருத்திவிடவும். அந்த ஆள் பேசியதை மட்டும் திருத்த வேண்டாம். அவர் சொன்னது அப்படியேதான்.