வலைநூல் முடிச்சு

“கட்டை அவிட்டா ஓடிப்போடுவாள், ரீச்சர்,” என்றபடி ஒரு தாய் மகளை எங்கள் விசேட கல்வி வகுப்புக்குள் கூட்டிவந்தாள். பிள்ளையின் மணிக்கட்டில் வலைநூல்; மறுநுனி தாயின் கையில். அந்த முடிச்சு எனக்குத் தெரிந்தது.

என் சிறுவயதில், குருநகர்க் கடலோர வீட்டில் அப்பா, கதைக்கத் தெரியாத என் தங்கையை இதே முடிச்சால் கட்டில் காலில் கட்டிவிட்டுத்தான் கரைக்குப் போவார். நூலில் எப்போதும் மீன்வாடை. ஒருநாள் அவள் அழுகையைத் தாங்காமல் அவிழ்த்துவிட்டேன். நேரே கடலுக்குள் ஓடினாள். கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து அவளைத் தூக்கிவந்த அப்பா என்னை அடிக்கவில்லை.

“இனி அவிட்டு விடுவியோ?”

“இல்லை அப்பா.”

மறுநாள் அவர் இரண்டு முடிச்சுப் போட்டபோது நூல் நுனியைப் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

இன்று, தாய் பார்த்திருக்க முடிச்சை அவிழ்த்தேன். அதற்கு முன்பே என் கை வகுப்புக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டிருந்தது.