இருபதிலிருந்து திரும்பும் வழி

அல்ஜீப்ராப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் வசந்தி முதலில் புரட்டுகிறாள். விடையைப் பார்த்துக்கொண்டு, அது எந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்று பின்னோக்கி நடக்கிறாள். ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டச் சொல்லும் கணக்கில், ஐந்தைக் கழித்த பிறகே மூன்றால் வகுக்கிறாள். புறப்பட்ட எண் கிடைத்துவிட்டால் ஒரு முறை தலையசைப்பாள். கிடைக்காவிட்டால் புத்தகத்தைத் திட்டுவாள்.

அவளுக்கு வயது இருபது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். திருத்தணி மலையடிவாரத்தில், தந்தை எல்லப்பனின் பூஜைச் சாமான் கடையில் கற்பூரம் நிறுக்கிறாள். பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் யுத்த காலத்து பஸ் பள்ளிப்பட்டிலிருந்து எப்போது கிளம்பும் என்பது ஓட்டுநருக்கே தெரியாது. வந்து இறங்குகிறவர்களிடம், வண்டி எங்கெங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று விசாரித்துவிட்டு, "அப்டீனா ஒம்போதே காலுக்குக் கெளம்பிக்கீறீங்க" என்பாள். முன்பின் தெரியாத பெண் தங்கள் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்தவள்போல் பேசுவது சிலருக்குப் பிடிப்பதில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினால் வாதம் தொடங்கப்போகிறது என்று பொருள். எல்லப்பன் மெல்ல எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்.

சென்ற வெள்ளிக்கிழமை அவரால் அப்படிப் போக முடியவில்லை.

ஊருக்கெல்லாம் சம்பந்தம் பேசுகிறவள் பூவம்மாள். அவளிடம் ஒரு கணக்கு உண்டு: மாப்பிள்ளையின் வயதில் பாதியை எடுத்து ஆறைக் கூட்டினால், அதுவே பெண்ணுக்குரிய வயது. மாப்பிள்ளை வீட்டாரே அவளைத் தேடி வருவது வழக்கம்; ஆதலால் கணக்கும் அந்தத் திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எல்லப்பனோ பெண்ணின் வயதைச் சொல்லி மாப்பிள்ளை கேட்டார். பூவம்மாள் தன் கணக்கைத் திருப்பிப் போட்டாள். இருபதை இரட்டித்து ஆறைக் கழித்தாள். முப்பத்து நான்கு வந்தது. அந்த வயதில், மனைவியை இழந்த ஒருவர் ஆர்.கே.பேட்டையில் இருந்தார்.

தனக்குச் சம்மதமில்லை என்று வசந்தி உடனே சொன்னாள். பூவம்மாளின் கணக்கு ஒரு நாளும் பொய்த்ததில்லை என்று கூறி, எல்லப்பன் மகளின் வாயை அடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று.

"இன்னும் பட்டுப் பொடவ கட்டலியா? அவங்க வந்துகினு இருக்காங்க" என்றாள் பூவம்மாள்.

வசந்தி முந்தானையைச் செருகிக்கொண்டாள். "அத்தே, மலை ஏறறப்ப கடைசியா எந்தப் படிய மிதிக்கிறீங்க?"

"கோயில் வாசல்ல இருக்கிற படிய."

"எறங்கறப்ப?"

"அதுதான் மொதப் படி. இதுல இன்னாடி இருக்குது?"

"ஒங்க கணக்குல பாதியாக்கிட்டு அப்புறந்தான் ஆறு கூட்டறீங்க. திரும்பி வர்றப்ப அந்த ஆறத்தான் மொதல்ல எடுக்கணும். நீங்க அந்தப் படிய மிதிக்காமயே தாவிட்டீங்க. இருவதுல ஆறு போனா பதினாலு. ரெட்டிச்சா இருவத்தெட்டு."

பூவம்மாள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஆறு வருசத்துக்கா இம்மாம் ராங்கி?"

வசந்தி தந்தையின் பக்கம் திரும்பினாள். "நைனா, அவருக்கே போட்டுப் பாருங்க. முப்பத்திநாலுல பாதி பதினேழு. கூட ஆறு. அவருக்கு இருவத்திமூணு வயசுப் பொண்ணு வேணும். அது நான் இல்ல."

எல்லப்பன் உதடுகள் அசையக் கூட்டிப் பார்த்தார்; விடை மாறவில்லை. ஆயினும், வருகிறவர்கள் பாதி வழி வந்திருப்பார்கள் என்றும், தம் மானத்தைக் காக்க வேண்டும் என்றும் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். கணக்குக் கிடக்கட்டும், ஆண்பிள்ளைக்கு முப்பத்து நான்கெல்லாம் ஒரு வயதா என்றாள் பூவம்மாள்.

"கணக்கு சரின்னு சொல்லித்தானே என் வாய அடைச்சீங்க. இப்ப கணக்கே வாணாவா?"

பதில் வருவதற்குள் தெருவில் ஜட்கா வண்டி வந்து நின்றது. எல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். உள்ளே போகும்படி பூவம்மாள் வசந்தியின் முழங்கையைப் பற்றி இழுத்தாள். வசந்தி கையை விடுவித்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று கூடத்தில் விரித்திருந்த ஜமக்காளத்தின் நட்டநடுவில், கடையில் கட்டியிருந்த, கற்பூர வாசனை போகாத புடவையுடன், வாசலைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.