முகிலனுக்கு ஒரு மரண அறிவித்தல்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகத்தில் இல்லாத ஒருவருடைய செத்தவீட்டுக்கு நான் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்துக்கொண்டு போனேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பாதி வரைக்கும் சிரிக்கலாம். மீதிக்கு நான் பொறுப்பில்லை... இல்லை, மீதிக்குத்தான் நான் முழுப் பொறுப்பு. அதனால்தான் எழுத மூன்று வாரம் பிடித்தது. மதுராவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

காலையில் பேக்கரி வேலை, மாலையில் இந்தப் பத்தி என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. இங்கே ஜெர்மனியில், எங்கள் எசன் நகரில் தமிழர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மரண அறிவித்தல் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருக்கு மகன், யாருக்கு மருமகன் — கனடா, சுவிஸ், லண்டன் என்று சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் எல்லாரையும் வரிசை பிசகாமல் நிறுத்த வேண்டும். ஒரு மாமாவின் பெயர் விடுபட்டால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த ஞாயிறு காலை என் சிநேகிதி வசந்தி வாட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தலை அனுப்பினாள். 'பிள்ளையின்ர போனில கண்டனான். உமக்குத் தெரியுமே?' என்று ஒரு வரி. திறந்து பார்த்தேன். நான் எழுதாத அறிவித்தல்.

'முகில்மலையைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி எசனை வதிவிடமாகவும் கொண்ட முகிலன் அவர்கள் அகால மரணம் அடைந்தார். அன்னார் மதுராவின் அன்பு அண்ணனும், எழுவரின் பாசமிகு தோழனும் ஆவார். இறுதி நிகழ்வு ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு நடைபெறும். அனைவரும் கறுப்பு உடையில் வரவும்.'

படம் இல்லை. ஒரு குத்துவிளக்கு மட்டும். கீழே, தகவல்: மதுரா.

மதுரா என்றால் தேவன் அண்ணையின் மகள். பத்தொன்பது வயது. அச்சு வடிவமைப்பில் அவுஸ்பில்டுங் செய்கிறாள் — வேலையும் படிப்புமாக மூன்று வருடப் பயிற்சி. அவளுடைய சொந்த அண்ணன் கஜன் எட்டு வருடத்துக்கு முன்பே நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான். அப்படியானால் இந்த முகிலன்? பெரியப்பா மகனாக இருக்கும். எங்களுக்குப் பெரியப்பா மகனும் அண்ணன்தானே. அகால மரணம், படமும் இல்லை... ஐயோ, என்ன நடந்ததோ?

இடம் போடவில்லையே என்று யோசித்தேனா? பிறகு அறிவிப்பார்கள் என்று நினைத்தேன். கறுப்பு உடை? ஜெர்மன் முறையாக்கும். சறோ அக்காவுக்கு — அதுதான் மதுராவின் அம்மா — ஒரு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. செத்தவீட்டில் யார் போன் எடுப்பார்கள்? ஆகவே, செய்தியைச் சரிபார்க்காமல் பகிராதீர்கள் என்று இதே பக்கத்தில் உங்களுக்குப் பலமுறை புத்தி சொன்ன நான், அதை நாலு குரூப்புக்கு அனுப்பினேன். ஆழ்ந்த அனுதாபங்கள் என்று மேலே ஒரு வரியும் சேர்த்தேன்.

அரை மணித்தியாலத்தில் குரூப்புகள் நிரம்பி வழிந்தன. முகில்மலை எங்கே இருக்கிறது என்று ஒரு சண்டை. மலையகத்தில் என்றார் ஒருவர். இல்லை, வன்னிப் பக்கம் என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் குரல்பதிவே போட்டார்: 'ஓம் ஓம், எனக்கு முகிலன்ர தகப்பனை நல்லாத் தெரியும். தங்கமான மனுசன்.' நான் அதற்கும் கைகூப்பிய படம் ஒன்று போட்டேன்.

பிறகு சமையல். செத்தவீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொடுக்க வேண்டும். சட்டி மூன்றைத் துணியில் கட்டிக்கொண்டு ட்ராம் ஏறி, அந்த வீட்டு வாசலுக்குப் போனபோது மணி இரண்டரை.

மாடிப்படி முழுக்கச் சப்பாத்து. சப்பாத்துக்காக வழக்கமாகச் சண்டைக்கு வரும் கீழ்வீட்டு ஜெர்மன்காரி அன்று கதவோரம் நின்று எனக்குத் தலையைத் தாழ்த்தினாள்.

உள்ளே இருபது பேருக்குக் குறையாது. அறிவித்தலில் கறுப்பு என்று இருந்தும் எல்லாரும் எங்கள் வழக்கப்படி வெள்ளையில். சறோ அக்கா நிலத்தில், சோபாவில் சாய்ந்தபடி இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. இரண்டு பெண்கள் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார்கள். தேவன் அண்ணை ஜன்னலோரம் போனைக் காதில் வைத்து, எடுத்து, திரும்ப வைத்து... நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து சறோ அக்காவின் கையைப் பிடித்தேன்.

"நீயாவது சொல்லு. ஆர் செத்தது?"

எனக்குப் புரியவில்லை. "முகிலன் எண்டு அறிவித்தலில..."

"எங்களுக்கு முகிலன் எண்டு ஒருத்தரும் இல்லை. வந்த ஆக்கள் எல்லாம் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுகினம். கேட்டா முகிலன் எண்டினம். என்ர பிள்ளை போன் எடுக்குதில்லை. எனக்கு மறைக்காதையுங்கோ. அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனீங்கள்."

அன்றைக்கு, எட்டு வருடத்துக்கு முன், நாங்கள் அப்படித்தான் சொன்னோம். கஜன் அந்த இடத்திலேயே போய்விட்டான் என்று பொலீஸ் தேவன் அண்ணையிடம் சொல்லிவிட்டது. சறோ அக்காவிடம் நாங்கள் சொன்னது, 'சின்ன அக்சிடென்ட், கால் முறிஞ்சிட்டுதாம்.' எங்கள் ஆட்களுக்கு ஒரு சாவை நேரே சொல்ல வராது. முதலில் சுகமில்லை, பிறகு கொஞ்சம் கடுமை, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் உண்மை. ஆறு மணித்தியாலம் அந்தத் தாய் கால் முறிந்த மகனுக்காக நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது முகிலன் என்ற பெயரும் அவருக்கு அந்தக் கால்முறிவு போலத்தான் கேட்டிருக்கிறது. மதுரா செத்துவிட்டாள், இவர்கள் எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார்!

நான் பதறிப்போய் வசந்திக்கு அடித்தேன். "உம்மட மகளிட்டக் கேளும், மதுரா எங்கை?" கொஞ்ச நேரத்தில் வசந்தி திரும்ப அடித்தாள். "என்ர பிள்ளையும் எடுக்குதில்லை. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போனவை."

அடுத்த ஒன்றரை மணித்தியாலத்தை என்னால் எழுத முடியாது. பொலீசுக்கு அடிப்போமா என்று தேவன் அண்ணை இரண்டு தடவை கேட்டார். அடித்தால் அவர்கள் ஏதாவது சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் அவரே அடிக்காமல் இருந்தார்.

நாலரைக்குக் கதவில் சாவி திரும்பும் சத்தம். மதுரா. தலை முதல் கால் வரை கறுப்பு. கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியிருந்தது. அழுது வீங்கிய முகம். அறை நிறைய வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் வடிந்துவிட்டது.

"அம்மா எங்க? அம்மாவுக்கு என்ன?"

சறோ அக்கா எழும்பினார். இரண்டு கையாலும் மகளின் முகத்தைத் தடவிப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். பிறகு கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகுதான் கட்டிப்பிடித்துக் கதறினார். அவ்வளவு நேரமும் அந்த வாயில் இருந்து ஒரு அழுகைச் சத்தம் வரவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். ஜப்பானில் ஒரு மங்கா, அதாவது படக்கதை. பின் அட்டையில் தொடங்கி வாசிப்பார்களே, அது. முகில்களை ஆடுமாடு போல மேய்க்கும் ஒரு மாயத் தேசம். அண்ணனும் தங்கையும் மலையில் வாழ்கிறார்கள். இருபத்துச் சொச்சம் பாகங்கள். டிவித் தொடராகவும் வந்தது. ஆனால் அண்ணன் சாகும் இடம் வர முன்பே தொடரை நிறுத்திவிட்டார்களாம். இப்போது அதைத் திரைப்படமாக எடுத்திருக்கிறார்கள். அந்த ஞாயிறு இரண்டு மணிக்கு எசனில் காட்சி. மதுராவும் ஏழு சிநேகிதிகளும் கறுப்பு உடுத்தி, போனை அணைத்துவிட்டு, உள்ளே இருந்து அழுதிருக்கிறார்கள். அந்த அண்ணனுடைய ஜப்பானியப் பெயருக்கு முகில் என்று அர்த்தமாம்; அதைத்தான் முகிலன் ஆக்கியிருக்கிறார்கள். அறிவித்தல் அந்த எட்டுப் பேருக்குள் மட்டும் போனது. வெளியே விட்டது வசந்தி. ஊருக்குப் பரப்பியது நான்.

முகிலனின் தகப்பனை நல்லாத் தெரிந்த பெரியவர்தான் முதலில் சப்பாத்தைத் தேடிக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

தேவன் அண்ணை கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"படத்தில கீறின பொடியன் ஒருத்தனுக்கு இவ்வளவு அழுகையோ? உன்ர அண்ணனுக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. நான் பாத்தனான். நாளைக்கு அந்தப் புத்தகம் எல்லாம் பழைய பேப்பர்த் தொட்டிக்குள்ள போகும்."

"அப்ப நானும் போறன் அப்பா."

அவளும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளுடைய அவுஸ்பில்டுங் சம்பளத்தில் ஒரு அறை எடுக்கலாம். சிநேகிதி வீட்டில் இன்றைக்கே இடம் கிடைக்கும். ஒரு பிள்ளை போன வீடு. மிச்சம் இருந்த ஒன்று என் கண்முன்னாலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றது. பிழை முழுக்க என்னுடையது, அவளைத் திட்ட வேண்டாம் என்று நான் வாயெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஓம் அன்ரி, பிழை உங்கட தான்."

அறைக்குள் போனாள். அந்த மங்காவின் முதல் பாகத்தைக் கொண்டுவந்தாள். அதற்குள் இருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். பார்த்தவுடன் தெரிந்தது. கஜனின் மரண அறிவித்தல். நான் எழுதியது.

"சத்தமா வாசியுங்கோ."

வாசித்தேன். அன்னார் தேவன் சறோ தம்பதியினரின் அருமை மகனும்... கனடாவில் இருக்கும் இன்னாரின் பெறாமகனும்... சுவிஸ், லண்டன், பாரிஸ்... மருமகனும், மைத்துனரும். இடையில் என் குரல் தானாகக் குறைந்தது. கடைசி வரி வரைக்கும் போய், திரும்ப மேலே வந்து தேடினேன். தேவன் அண்ணை தாளை வாங்கித் தானும் தேடினார்.

மதுராவின் பெயர் இல்லை. சகோதரன் என்ற சொல்லே இல்லை.

"நான் அந்த மூண்டு நாளும் உங்கட வீட்டில, உங்கட குசினியிலதான் இருந்தனான். என்னைச் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. நீங்கள் போனில எல்லாற்ற பேரையும் கேட்டுக் கேட்டு எழுதினீங்கள். என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. நான் அழ வெளிக்கிட, சின்னப் பிள்ளை அழக்கூடாது எண்டு உங்கட மகன்ர அலமாரியில இருந்து இந்தப் புத்தகத்தை எடுத்துத் தந்து இருத்தினீங்கள்."

பிறகு அப்பாவைப் பார்த்தாள். "அதில ஒரு தங்கச்சியும் அண்ணாவும் இருந்தவை. அந்த அண்ணாதான் எட்டு வருசமா என்னோட இந்த வீட்டில இருந்தவர். அதாலதான் எசனை வதிவிடமாகவும் எண்டு போட்டனான்."

நான் ஒரு காரணம் தேடிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் பெயரைப் போடக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? இல்லை. இடம் போதவில்லையா? லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட மாமாவுக்கு இடம் இருந்தது. மறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஒரு கை தூரத்தில் இருந்த பதினொரு வயதுப் பிள்ளையை மறந்துவிட்டேன். எட்டு வருடமாக அந்தத் தாளை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பெயர் விடுபட்டதற்கு ஒரு மாமாவும் கோபித்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் மாமாக்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். இவ்வளவு வெட்கத்தை நான் என் வாழ்நாளில் பட்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அது அந்த அறையில் மிகச் சின்னதாகக் கேட்டது.

தேவன் அண்ணை தாளை மேசையில் வைத்தார். பிறகு மகளின் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி, சோபாவில் இருந்து, முன் அட்டையைப் புரட்டினார். மதுரா தோளில் இருந்த பையைக் கழற்றாமலே பக்கத்தில் போய் நின்றாள்.

"அதாலை இல்லை அப்பா. மற்றப் பக்கத்தால." புத்தகத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இதில ஆர் தங்கச்சி?" என்று கேட்டார் அவர். அவள் பையை நிலத்தில் வைத்துவிட்டுக் காட்டினாள். சறோ அக்கா எழும்பிப் போய், நான் கொண்டுபோன சோற்றை மூன்று கோப்பையில் போட்டார். எனக்குப் போடவில்லை. அதில் எனக்கு மனவருத்தமும் இல்லை.

இந்த வாரம் கஜனின் எட்டாம் ஆண்டு நினைவஞ்சலி. இம்முறை மதுராவே எழுதினாள். பார்த்துச் சொல்லச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாள். கஜனின் சிரித்த படம். கீழே, 'எசனைப் பிறப்பிடமாகக் கொண்ட கஜன், மதுராவின் அண்ணன்.' வேறு ஒன்றும் இல்லை. பதினெட்டு வருடப் பழக்கம் விடுமா? போன் அடித்துக் கேட்டேன், மற்றவர்களுடைய பெயர்கள் எங்கே என்று.

"அவையின்ர பேர் எல்லாம் போன முறை வந்திட்டுதுதானே அன்ரி."