ழகரத்துக்குப் பின்னால்

போன வாரம் தங்கை மகளின் காதணி விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க, குழந்தையின் படத்தை வாட்ஸப்பில் அச்சகத்துக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "டாக்குமெண்டா அனுப்புங்க மேடம். இப்படி அனுப்புனா படம் கட்டங்கட்டமா உடையும்." எனக்கே பாடமா என்று முதலில் சுருக்கென்றது. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கோபம் அடங்கிய பிறகும் அந்த 'உடையும்' மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜை ஒட்டிய மாடியில் இருந்த ஃப்ளெக்ஸ் கடையில் நான்கு வருடம் டிசைனராக இருந்தேன். ஏறும்போதே மை வாசனை மூக்கில் ஏறி மண்டையைப் பிடிக்கும். தலைக்குக் குளித்தாலும் போகாது. இன்றைக்கும் எங்காவது புது பேனர் கட்டினால் அதைப் படிப்பதற்கு முன் முகர்ந்துவிடுகிறேன்.

சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாப் படமும் படம்தான். பின்னணி இல்லாத படம் வேண்டுமென்றால் பிஎன்ஜி என்று யாரோ சொல்ல, ஒரு மாப்பிள்ளை படத்தின் பெயரில் ஜேபிஜியை அழித்து பிஎன்ஜி என்று எழுதி வைத்தேன். பின்னாலிருந்த பீரோ அப்படியே இருந்தது. கடைக்காரர் முருகேசன் அண்ணன் திட்டவில்லை. "பேரை மாத்துனா ஆளு மாறிருவானா?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுவதும் நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

பிஎஸ்டி என்கிற ஃபோட்டோஷாப் ஃபைல் பற்றியும் அவர்தான் சொன்னார். அதில் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி அடுக்காக இருக்கும். வேண்டியதை நகர்த்தலாம், மறைக்கலாம், அடியில் இருப்பதைப் பார்க்கலாம். ஜேபிஜி ஆக்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். அரைத்த மாவிலிருந்து உளுந்தைத் தனியே எடுக்க முடியுமா? தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டதோடு சரி.

ஒருநாள் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வந்து நின்றது. அண்ணன் வெளியூர் போயிருந்தார். பழைய வேலைகளையெல்லாம் சின்ன ஜேபிஜியாக மாற்றி வைத்துவிட்டு, பிஎஸ்டிகளையும் வாடிக்கையாளர் கொடுத்த படங்களையும் ஒரு மதியத்தில் அழித்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே தெரிந்தன. இடம் கிடைத்ததில் எனக்குப் பெருமை வேறு.

ஆறு மாதம் கழித்து வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். பேச்சியம்மாள் என்று பெயர். கணவர் இறந்து ஒன்பது நாள். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டம் போட்டு மாட்டப் படம் இல்லை. அந்த மனிதர் கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுகிறவராம். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பிள்ளைகளே யாரென்று கேட்டார்களாம். அவர் நல்லபடியாக நின்ற ஒரே படம், பேச்சியம்மாளின் அக்கா மகன் கல்யாணத்துக்கு நாங்கள் அடித்த பேனரில் இருந்தது. அந்தப் படம் இருந்த அக்கா மகனின் கைபேசி எப்போதோ தொலைந்துவிட்டது. பேனரின் அடியில் எங்கள் கடைப் பெயரைப் பார்த்துத் தேடி வந்திருந்தார்.

மிச்சமிருந்த ஜேபிஜி ஃபைலைத் திறந்தேன். கடைசி நேரத்தில் இன்னும் நாலு மாமன்மார் முகத்தைச் சேர்க்கச் சொன்னதால் மேல் வரிசையை நெருக்கியிருந்தேன். 'வாழ்த்தும் உறவுகள்' என்ற எழுத்து அந்த வரிசையின் மேல் விழுந்திருந்தது. அந்த ழகரம் சரியாக அவர் வாய் மேல். கண்ணும் நெற்றியும் தெரிந்தன. மூக்குக்குக் கீழே மஞ்சள் எழுத்து.

"எழுத்தை எடுத்துரு தாயி," என்றார் அக்கா.

எடுக்க அது தனியாக இல்லை. அண்ணன், "பிஎஸ்டி எங்க?" என்று என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல அழிஞ்சிருச்சுக்கா. பெருசாக்குனா படமும் உடையும்," என்றேன். உடையும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "அந்தச் சொல்லைச் சொல்லாத," என்றார்.

எங்கள் தொழிலில் எல்லாம் தானாகவே நடக்கும். படம் உடையும், ஃபைல் அழியும், டிஸ்க் போகும். யாரும் எதையும் செய்திருக்க மாட்டார்கள். அழிச்சிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவருடைய யோசனைப்படி, அதே பேனரில் இருந்த இறந்தவரின் தம்பி படத்திலிருந்து வாயையும் தாடையையும் எடுத்து எழுத்தின் மேல் பொருத்தினேன். நன்றாகவே பொருந்தியது. வெளியாள் கண்டுபிடிக்கவே முடியாது. பேச்சியம்மாள் திரைக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது கொழுந்தன் வாயி. அவுக இல்ல. எழுத்தோடயே குடு. அதுக்குப் பின்னாடியாச்சும் அவுக இருக்காக."

அப்படியே பிரிண்ட் எடுத்தோம். தாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு படி வரை போனவர் திரும்பி வந்தார்.

"நீதான தாயி இந்தப் படத்தையெல்லாம் வெட்டி ஒட்டுனது? எழுத்துக்கு முன்ன நீ பாத்திருப்பேல்ல. சிரிச்சாப்புல இருந்தாகளா?"

"ஆமாக்கா," என்றேன். "நல்லாச் சிரிச்சிருந்தாக."

அவர் சரி என்று இறங்கிப் போனார்.

இப்போது அந்த மாடியில் கைபேசி உறை விற்கிறார்கள். மை வாசனை இல்லை. அண்ணன் மேலூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதோ. நான் இன்று எதையும் அழிப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நகல் வைத்து, வீட்டில் எல்லோரிடமும் கேலி வாங்குகிறேன்.

அவர் சிரித்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த வாயின் ஓரமாக மவுஸை நகர்த்தி வெட்டியவள் நான்தான். அதை முழுதாகக் கடைசியாகப் பார்த்ததும் நான்தான். அன்றைக்கு அதை ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.