டேப்பில் ஏறாத படங்கள்

ஸ்கேன் படம் சேமிக்கப்படுவதைக் காட்டும் நீலக் கோடு திரையில் ஒரு நொடி நகராமல் நின்றால், இன்றும் உடனே கணினியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு நாள் காலை அந்தக் கோடு பாதியில் நின்றது. கீழே சிவப்பு எழுத்தில் ‘இடமில்லை’ என்று வந்தது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறேன். உடனே கணினிப் பிரிவுத் தலைவியைக் கூப்பிட்டேன். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘மேடம்’தான். அறந்தாங்கிக்காரர், கணவர் குவைத்தில் வேலை பார்த்தார்.

படங்களுக்கு நகல் எடுத்துவைக்கும் எங்கள் பேக்கப் மென்பொருளை அமைத்தவர் அவர். நான் எடுக்கும் படங்கள் முதலில் ஒரு டிஸ்க்கில் வந்து தங்கும். பிறகு அங்கிருந்து, நெடுநாள் பாதுகாக்கும் காந்த நாடாவான டேப்புக்கு நகலாகும். டேப்பில் சரியாக ஏறியது உறுதியான பின்தான் டிஸ்க்கில் இருப்பது அழியும். ஏறாத எதையும் மென்பொருள் தானாகத் தொடாது. அந்த விதியைப் போட்டவரும் அவரே. அப்போது சில மாதங்களாக டேப் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. உதிரிபாகம் வரும் வரைக்கும் தாங்க இன்னொரு டிஸ்க் வேண்டுமென்று கேட்டிருந்தார். பாகம் வந்துவிடும், பொறுங்கள் என்றது நிர்வாகம். படங்கள் குவிந்துகொண்டே போயின.

மேடம் வந்து உட்கார்ந்தபோதே வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. பைக்கில் வந்தவரை லாரி இடித்திருந்தது. தலையில் அடி, நினைவில்லை. ஸ்கேன் இயந்திரமோ புதிய ஸ்கேனைத் தொடங்கவே மறுத்தது. மேடம் ஒரு சிறிய டிஸ்க்கைச் செருகி, டேப்பில் ஏறாத பழைய படங்களை அதில் நகலெடுக்க ஆரம்பித்தார். அது ஊர்ந்தது. டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேடம், உள்ள ரத்தக்கசிவு இருக்கான்னு எனக்கு இப்பத் தெரியணும்.”

மேடம் திரையில் இருந்த பெயர்களைப் பார்த்தார். “இதுல யாரையும் எனக்குத் தெரியாதே, தம்பி” என்றார் என்னிடம். நகலை நிறுத்தினார். தாமே போட்ட விதியைத் தளர்த்தி, மிகப் பழைய தொகுதியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். நான் ஸ்கேனைத் தொடங்கினேன். கசிவு இருந்தது, உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்துக் கீரமங்கலத்திலிருந்து ஓர் அம்மாள் கணவரோடு வந்தார். நுரையீரலில் ஒரு சிறு கட்டி; வளர்கிறதா என்று சில மாதம் முன்பு எங்களிடம் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் படம் அழிந்த தொகுதியில் இருந்தது. இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிடும்படி நிர்வாகம் சொன்னது. மேடம் கேட்கவில்லை. அவர்களை உட்கார வைத்து, “நான்தாம்மா அழிச்சேன்” என்று ஆரம்பித்து நடந்ததையெல்லாம் சொன்னார்.

கணவர் எழுந்து கத்தினார். “எங்க உசுரு என்ன, எளக்காரமா ஒங்களுக்கு?” மேடம் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“அந்தப் புள்ள பொழச்சிருச்சா?”

“பொழச்சிட்டார்ம்மா.”

“நல்லது. எனக்கு வளந்திருக்கா இல்லையான்னு இப்ப யாருங்க சொல்லுவா?”

புதிதாக ஒரு படம் எடுத்தோம். சில மாதம் கழித்து மீண்டும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். கேட்ட டிஸ்க் இதற்குள் வந்திருந்தது, டேப் இயந்திரமும் சரியாகியிருந்தது. டிஸ்க் பாதி நிறைந்ததுமே எச்சரிக்கை வரும்படி மேடம் மென்பொருளை மாற்றினார். ஆனால் அந்த மாதங்களில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பலமுறை பார்த்தேன்.

அந்த அம்மாள் மறுபடி வந்த நாளில் மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்து அளந்தார் டாக்டர். கட்டி வளரவில்லை. மேடம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அந்த அம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு, “இதயாவது பத்தரமா வைங்க” என்றார்.

“கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போறீங்களாம்மா?”

மேடம் அவரைத் தம் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். படத்தை டேப்பில் ஏற்றினார். பிறகு டிஸ்க்கில் இருந்ததைத் தொடாமல், டேப்பிலிருந்தே அதை மீட்டுத் திரையில் காட்டினார். அந்த அம்மாள் தம் நுரையீரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அங்கிட்டிருந்து வந்ததா?”

“ஆமாம்மா, டேப்புலருந்து.”

“சரி. வாரேன், பஸ்ஸு போயிரும்” என்று எழுந்தார். மேடம் வாசல் வரைக்கும் கூடவே போனார்.